கம்ப்யூட்டரில் வைஃபை வரலையா? எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கோளாறு யாரையும் கூப்பிடாமலே தீர்ந்துவிடும். கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே காற்றில் போவது வைஃபை. ரவுட்டர் பெட்டியிலிருந்து தெருக்கம்பம் வழியாகக் கேபிள்காரர் ஆபீஸுக்கும், அங்கிருந்து வெளியுலகத்துக்கும் ஃபைபரில் போவது இன்டர்நெட். கோளாறு இதில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதைத் தொட்டாலும் வீண் வேலைதான்.

"ஏனுங் தம்பி, நெட்டு வரமாட்டேங்குதுங்" என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, "செல்லுல வருதுங்களா?" என்றுதான். "வருதே" என்பார்கள். அடுத்தது, "மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டுப் பார்த்தீங்களா?" அங்கேதான் பலரும் நிற்பார்கள். வைஃபையில் நெட் இல்லையென்றால் செல்போன் சத்தமில்லாமல் சிம் கார்டு நெட்டுக்குத் தாவிவிடும். யூடியூப் ஓடுவதைப் பார்த்து "வைஃபை நல்லாத்தான் இருக்கு, கம்ப்யூட்டர்தான் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டுக்கோ கோயமுத்தூருக்கோ பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு, வைஃபையில் மட்டும் செல்லில் நெட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். வரவில்லையென்றால் ரவுட்டர் பக்கம், அல்லது அதற்கும் அக்கட்ட.

தொடக் கூடாத இடம்

ரவுட்டரின் பின்புறம் குண்டூசி நுழைகிற அளவில் ஒரு ஓட்டை இருக்கும். அதுதான் ரீசெட். "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று போனில் யாரோ சொன்னதை ரீசெட் என்று புரிந்துகொண்டு ஊசியை விட்டுவிடுவார்கள். ரீஸ்டார்ட் என்பது கரண்டை அணைத்துப் போடுவது. ரீசெட் என்பது பெட்டிக்குள் எழுதி வைத்த எல்லாவற்றையும் அழிப்பது. கேபிள்காரர் போட்டுக் கொடுத்த யூசர் நேம், பாஸ்வேர்டு, விலேன் நம்பர் (கேபிள்காரர் உங்கள் லைனுக்கு வைத்த அடையாள எண்), நீங்கள் வைத்த வைஃபை பெயர் எல்லாம் ஒட்டுக்காப் போய்விடும். வெறும் கனெக்ஷன் கோளாறாக இருந்தது, ஆள் வந்து உட்கார்ந்து சரிசெய்கிற கோளாறாக மாறும். அந்த ஆள் கம்பத்தில் ஏறியிருந்தால் அன்றைக்கு வரமாட்டார்.

ரீஸ்டார்ட் செய்வதற்கும் முறை உண்டு. அடாப்டரைச் சுவிட்சில் அணைத்து, அரை நிமிஷம் விட்டுப் போடுங்கள். ஃபைபர் பெட்டி முழுக்க எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி அணைக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஷட்டவுன் கொடுத்தால் முழுசாக அணையாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பழைய நிலையை டிஸ்கில் எழுதி வைத்து, மறுபடி போடும்போது அதையே எடுத்து வரும், கோளாறையும் சேர்த்து. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் டிரைவர்கள் (வைஃபை கார்டு போன்றவற்றை இயக்கும் சின்ன சாஃப்ட்வேர்கள்) புதிதாக ஏறும். "மூணு தடவை ஆஃப் பண்ணிப் போட்டேனுங்" என்பவரின் கம்ப்யூட்டர் ஒரே ரீஸ்டார்ட்டில் சரியாவதன் ரகசியம் இதுதான்.

கம்ப்யூட்டரில் வைஃபை அடையாளமே காணோம்

வலது கீழ் மூலையில் வைஃபை சின்னம் இல்லை, பூமி உருண்டைச் சின்னம் மட்டும் இருக்கிறது என்றால், கம்ப்யூட்டருக்குத் தன்னிடம் வைஃபை கார்டு இருப்பதே தெரியவில்லை என்று பொருள்.

முதலில் ஏரோபிளேன் மோட். லேப்டாப் கீபோர்டின் மேல் வரிசையில் விமானப் படமோ ஆன்டெனாப் படமோ போட்ட கீ ஒன்று இருக்கும். சில மாடலில் தனியாகவும் சிலவற்றில் எஃப்என் கீயைச் சேர்த்தும் அழுத்த வேண்டும். குழந்தைகள் கை பட்டு இது ஆன் ஆவது சாதாரணம். பழைய தலைமுறை லேப்டாப் சிலவற்றில் பக்கவாட்டில் நகர்த்துகிற சுவிட்சே இருக்கும்.

அது சரியாக இருந்தால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்தால் வைஃபை கார்டின் பெயர் இருக்க வேண்டும். கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள். ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் கோளாறு. விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாள் இப்படி வந்தால், அதே இடத்தில் பிராப்பர்ட்டீஸ் போய், டிரைவர் என்ற பக்கத்தில் ரோல் பேக் பட்டன் அழுத்தும்படி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். இல்லையென்றால் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே போட்டுக்கொள்ளும்.

பெயரே இல்லையா? லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, பிறகு போட்டுப் பாருங்கள். கார்டு மயங்கிக் கிடந்தால் எழுந்துவிடும். அப்படியும் வரவில்லையென்றால் கார்டு போயிருக்கலாம். யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கிச் சொருகிக்கொள்வது, லேப்டாப்பைப் பிரிப்பதைவிட மலிவு.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அசெம்பிள் செய்து வாங்கிய பெட்டிகளில் பெரும்பாலும் வைஃபை கார்டே இருக்காது. கடையில் லேன் ஒயர் போட்டுக் காட்டியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து வைஃபையைத் தேடினால் எங்கே வரும்? கார்டு உள்ள பெட்டியாக இருந்தால் பின்பக்கம் இரண்டு தங்க நிறத் திருகு முனைகள் தெரியும். அதில் ஆன்டெனாவைத் திருக வேண்டும். அட்டைப்பெட்டிக்குள்ளேயே ஆன்டெனாவை விட்டுவிட்டு, அந்தப் பெட்டியை அட்டாலியில் போட்டுவிட்டு, "சிக்னல் ஒரு கோடுதான் காட்டுது" என்பவர்கள் ஏணியைத் தேட வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டுப் பெயரெல்லாம் வருது, நம்முடையது மட்டும் இல்லை

செல்லிலும் நம் பெயர் தெரியவில்லையென்றால் ரவுட்டரில் வைஃபையே ஆஃப் ஆகியிருக்கிறது. பல பெட்டிகளில் பக்கவாட்டில் டபிள்யூலேன் என்று ஒரு பட்டன் இருக்கும். தூசு தட்டும்போது அழுந்திவிடும். மறுபடி ஒரு தடவை அழுத்துங்கள்.

செல்லில் தெரிகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லையென்றால் காரணம் வேறு. இப்போதைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் ஒலிபரப்பும். பழைய லேப்டாப் பலவற்றுக்கு 5 கண்ணுக்கே தெரியாது. ரவுட்டர் செட்டிங்கில் 2.4-ஐ யாராவது அணைத்துவிட்டிருந்தால் அந்த லேப்டாப் குருடாகத்தான் நிற்கும். 2.4-லும் ரவுட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் நின்றால் சில வெளிநாட்டு லேப்டாப்புகள் அதைப் பார்க்காது. அமெரிக்காவில் வாங்கி வந்த லேப்டாப் உள்ள வீடு நம் பக்கத்தில் நிறைய. சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்திவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

இன்னொன்று, புதிதாக வைஃபை 6 ரவுட்டர் மாட்டிய வீடுகளில் வரும். பழைய வைஃபை கார்டுகள் சில, டிரைவர் பழசாக இருந்தால், வைஃபை 6 முறையில் வரும் பெயரையே பட்டியலில் காட்டாது. லேன் ஒயர் போட்டோ செல்லை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் (செல்லின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் வசதி) போட்டோ டிரைவரைப் புதுப்பித்துவிட்டால் போதும். அதற்கு வழியில்லையென்றால் ரவுட்டரில் 2.4-க்கு மட்டும் வைஃபை 6 முறையை அணைத்துவிடுங்கள்.

பெயர் தெரியுது, பாஸ்வேர்டு ஏற்கவில்லை

பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் கண் படம் இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடித்தது என்ன என்று கண்ணால் பாருங்கள். கேப்ஸ் லாக், பூஜ்யமா ஓ-வா என்ற குழப்பம், கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளி எல்லாம் அதில் தெரிந்துவிடும். பத்திரிகை அடிக்கிற கடை, நோட்டீஸ் அடிக்கிற கடைக் கம்ப்யூட்டர்களில் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன்: கீபோர்டு தமிழ்99-இல் நிற்கும். அடிப்பது ஆங்கில எழுத்து, உள்ளே போவது தமிழ் எழுத்து. விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்தினால் மாறும்.

பாஸ்வேர்டே மறந்துவிட்டதா? ஏற்கெனவே இணைந்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் வைஃபை செட்டிங்கில் அந்தப் பெயரைத் தொட்டு ஷேர் கொடுங்கள். கியூஆர் கட்டமும், பல போன்களில் அதன் அடியிலேயே பாஸ்வேர்டும் வரும். ஒறம்பரை வந்து கேட்கும்போதும் இதைக் காட்டினால் போதும், எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சரியான பாஸ்வேர்டைப் போட்டும் "கான்ட் கனெக்ட்" என்றால், பழைய பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கிறது. பெயரில் ரைட் கிளிக் செய்து ஃபர்கெட் கொடுத்து, புதிதாக இணையுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் அதற்கு முந்தைய கருவிகள் பல உள்ளே வராது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினால் இரண்டு தலைமுறையும் வரும்.

கனெக்ட் ஆகுது, ஆனால் "நோ இன்டர்நெட்"

அதிகமாக வருவது இந்தக் கோளாறுதான். குழப்பம் அதிகம் உள்ளதும் இதில்தான். சிக்னல் கோடு முழுசாக இருக்கும், பக்கம் மட்டும் திறக்காது.

முதலில் பெட்டி முன்னால் போய் நின்று விளக்குகளைப் பாருங்கள். பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறினாலும் விஷயம் ஒன்றே. பான் (PON) என்ற விளக்கு பச்சையாக நிலையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு எரியவே கூடாது. எல்ஓஎஸ் சிவப்பாகக் கண் சிமிட்டினால் ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை. கம்ப்யூட்டரில் நீங்கள் செய்ய ஒன்றுமே இல்லை. பான் மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தால் பெட்டி அந்தப் பக்கம் பேசப் பார்க்கிறது, பதில் கிடைக்கவில்லை. பான் நன்றாக எரிந்து, இன்டர்நெட் என்ற விளக்கு மட்டும் சிவப்பாகவோ அணைந்தோ இருந்தால் லாகின் ஆகவில்லை. அதற்கு முதல் காரணம் பேக் முடிந்திருப்பது. பணம் கட்டிய மெசேஜைத் தேடிப் பாருங்கள். ஆளை வரச்சொல்லிச் சத்தம் போட்ட பிறகு ரீசார்ஜ் தேதி போய்விட்டது என்று தெரிந்தால் முகத்தை எங்கே வைப்பது?

எல்ஓஎஸ் சிவப்பு என்றால் கூப்பிடுவதற்கு முன் வீட்டுக்குள் உள்ள ஒயரை மட்டும் பார்த்துவிடலாம். பெட்டியின் பின்னால் வரும் மெல்லிய ஃபைபர் ஒயர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா, வளையலைவிடச் சின்ன வட்டமாக மடித்துக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கண்ணாடி இழை அது. மடிந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். நிமிர்த்தி விட்டதும் சிவப்பு அணைந்ததை நானே பார்த்திருக்கிறேன். பச்சை முனையைக் கழற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். விரல் பட்டால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி; எட்டிப் பார்ப்பதும் ஆகாது.

விளக்கெல்லாம் சரி, செல்லிலும் வருகிறது, கம்ப்யூட்டரில்தான் இல்லை என்றால் இப்போது கம்ப்யூட்டருக்கு வாருங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை, அதில் இணைந்திருக்கும் பெயரின் பிராப்பர்ட்டீஸ். கீழே ஐபிவி4 அட்ரஸ் என்று ஒரு எண் இருக்கும். அதுதான் துப்பு.

எண் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து, பெயரை ஃபர்கெட் கொடுத்து மறுபடி இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். அதே பக்கத்தில் ஐபி அசைன்மென்ட் என்பதில் மேனுவல் என்று இருந்தால் ஆட்டோமேடிக் ஆக்குங்கள். ஆபீஸிலோ காலேஜிலோ யாராவது எண்ணைக் கையால் போட்டு வைத்திருப்பார்கள்.

எண் 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் வரைக்கும் வழி உண்டு. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் (ping) என்ற கட்டளையும் ஒரு இடைவெளியும் விட்டு ரவுட்டரின் எண்ணை அடியுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். ரிப்ளை என்று வரிவரியாக வந்தால் வைஃபை நலம். அடுத்து பிங் 8.8.8.8. இதற்கும் ரிப்ளை வந்து, பிரவுசரில் மட்டும் எந்தத் தளமும் திறக்கவில்லையென்றால் நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கிறது. அதே பிராப்பர்ட்டீஸ் பக்கத்தில் டிஎன்எஸ் அசைன்மென்ட்டை மேனுவல் ஆக்கி, 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் போடுங்கள். உடனே திறக்கும்.

பிங் எல்லாம் வருது, டிஎன்எஸ்-ம் சரி, ஆனாலும் பக்கம் வரவில்லையா? ஆபீஸ் விபிஎன் ஆன் ஆகி நிற்கிறதா பாருங்கள். செட்டிங்ஸில் பிராக்ஸி என்ற பக்கத்தில் யூஸ் எ பிராக்ஸி சர்வர் ஆனில் இருந்தால் அணையுங்கள். கண்ட கண்ட இலவச சாஃப்ட்வேர் போட்டால் அதுவே போட்டு வைத்துவிடும். "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எல்லாத் தளத்திலும் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருக்கிற கம்ப்யூட்டர் எந்த வங்கித் தளத்தையும் நம்பாது. பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

இனி, இரண்டு ரவுட்டர் வைத்த வீடு. மாடிக்கு எட்டவில்லையென்று பழைய ரவுட்டரை எடுத்து, புதுப் பெட்டியிலிருந்து லேன் ஒயர் இழுத்துச் சொருகிவிடுகிறார்கள். இரண்டுமே முகவரி கொடுக்கும் வேலையைப் பார்க்கும். ஒரே பந்தியில் இரண்டு வீட்டார் தனித்தனியாக இலை போட்டு ஆளை உட்கார வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். சிலருக்கு நெட் வரும், சிலருக்கு வராது, நேற்று வந்தவருக்கு இன்று வராது. கோளாறு நிலையாக நிற்காததால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். தீர்வு ஒன்றுதான்: இரண்டாவது ரவுட்டரில் டிஹெச்சிபி-யை, அதாவது முகவரி கொடுக்கும் வேலையை, அணைத்து, அதன் எண்ணை 192.168.1.2 போல முதல் ரவுட்டரோடு மோதாததாக மாற்றி, ஒயரை அதன் வேன் (WAN) துளையில் போடாமல் லேன் துளையில் போடுங்கள். புதிய மாடல்களில் ஆக்ஸஸ் பாயின்ட் மோட் என்று ஒரே பட்டனில் இதையெல்லாம் செய்துவிடலாம்.

ஆசாரத்தில் (முன்கூடத்தில்) வருது, உள் ரூமில் வரலை

நம் ஊர்ப் பழைய வீடுகளின் சுவர் சாதாரணச் சுவர் இல்லை. ஒன்றரை அடி, இரண்டு அடிக்கு மண்ணும் கல்லும் வைத்துக் கட்டியது. கோடையில் குளுகுளுவென்று இருக்கும், வைஃபைக்கு மட்டும் பகை. கேபிள்காரர் ஃபைபரை வாசல் வழியாக இழுத்து, ஆசாரத்து மூலையில், டிவிக்குப் பின்னால் பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். அவருக்கு ஒயர் மிச்சம். பையன் ஒர்க் ஃப்ரம் ஹோம் பார்ப்பது வீட்டின் கோடி அறையில்.

பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து எடுங்கள். இரும்புப் பீரோவின் மேலோ பக்கத்திலோ வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், கதவு நேரே தெரிகிற இடத்தில் வையுங்கள். சுவர் வழியாகப் போவதைவிடக் கதவு வழியாகச் சிக்னல் நன்றாகப் போகும். இதற்கு ஃபைபர் ஒயர் இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும். மாட்டும்போதே கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

லேப்டாப்பில் இரண்டு பெயர் தெரிந்தால் தூரத்து அறையில் 2.4-ஐயும், பக்கத்தில் 5-ஐயும் பிடியுங்கள். 5 வேகம் அதிகம், சுவர் தாண்டும் சக்தி குறைவு. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 திணறும், இரண்டும் ஒரே அலைவரிசைப் பக்கம்தான். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கைச் சொருகியதும் வைஃபை தடுமாறினால் அதுவும் இதே கதை. அந்த ஒயரிலிருந்து கசிகிற இரைச்சல் 2.4-இல் வந்து விழுகிறது. டாங்கிளை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயரில் தள்ளி வைத்தால் போதும்.

தோட்டத்துச் சாளைக்கும் தகரக் கூரை போட்ட தறிக்குடோனுக்கும் வீட்டு வைஃபை எட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தகரத்தைத் தாண்டாது, தென்னை மட்டையில் உள்ள ஈரமே சிக்னலைக் குடித்துவிடும். லேன் ஒயர் 100 மீட்டர் வரைதான் கணக்கு. அதற்கு மேல் ஃபைபர் இழுப்பதோ, ஒன்றையொன்று பார்க்கும்படி கம்பத்தில் மாட்டுகிற அவுட்டோர் பிரிட்ஜ் கருவி போடுவதோதான் வழி. எக்ஸ்டென்டர் மேல் எக்ஸ்டென்டர் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

நேரத்துக்கு நேரம் அறுந்து போகுது

எப்போது அறுகிறது என்று கவனித்தாலே பாதி விடை.

லேப்டாப் சும்மா இருந்து திரும்பும்போது மட்டும் அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பிராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று விண்டோஸ் கார்டைத் தூங்க வைக்கிறது. சில லேப்டாப்பில் அந்தப் பக்கமே இருக்காது. அப்படியானால் இது உங்களுக்கு இல்லை.

மும்முனை கரண்ட் வந்து கிணற்று மோட்டார் போட்டதும் அறுந்தால் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கி, ரவுட்டர் அணைந்து எழுகிறது. விளக்குகள் எல்லாம் முதலிலிருந்து வரிசையாக எரிவதை வைத்தே கண்டுபிடிக்கலாம். இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தாலும் இப்படி நடக்கும். இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதற்கு மாற்றுங்கள், மாறும் நேரம் குறையும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் கிடைக்கிறது. கிராமத்து வீட்டுக்கு அதைவிட உருப்படியான செலவு இல்லை என்பது என் கட்சி. அடாப்டர் பழசாகித் தளர்ந்திருந்தாலும் இதே அடையாளம்தான். புதிது வாங்கும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் பிளஸ், மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும்.

மத்தியானத்தில் அறுந்து ராத்திரி சரியானால் சூடு. சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடுகிற வீடுகளில் ரவுட்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். காற்றுத் துளைகள் மேல் பஞ்சு வெள்ளையாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால் ஒரே தாளாக உரிந்து வரும். சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியில், செட்டாப் பாக்ஸ் மேல் அது உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கரண்டை அணைத்து, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, கூரையிலிருந்து இறக்கி வையுங்கள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மட்டும் என்றால் நெரிசல். திருப்பூர் லைன் வீடுகளில் ஒரே காம்பவுண்டில் வரிசையாக ரவுட்டர்கள். எல்லாரும் கம்பெனியிலிருந்து திரும்பியதும் 2.4-இல் இடமே இருக்காது. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். செல்லில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு, மூன்றில் ஆள் குறைவானதைப் பிடித்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். லேப்டாப் 5-ஐப் பிடிக்கும் என்றால் அதற்கே போய்விடுங்கள், அங்கே இடம் தாராளம்.

ஆனி, ஆடியில் மட்டும் அறுந்தால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிற டிராப் கேபிள் ஆடி ஆடி, கட்டிய இடத்தில் இழை களைத்துவிடும். தென்னந்தோப்பு வழியாக வந்தால் மட்டை விழுந்தும் அறும். காற்று அடிக்கும்போது எல்ஓஎஸ் சிமிட்டி, நின்றதும் சரியானால் அதை அப்படியே கேபிள்காரரிடம் சொல்லுங்கள். அவர் வருவதற்குள் காற்று நின்றுபோய், "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்கு" என்று போய்விடாமல் இருக்க, சிமிட்டுவதைச் செல்லில் வீடியோ எடுத்து வையுங்கள்.

வருது, ஆனால் மெதுவாக

முதலில் கணக்கு. 40 எம்பிபிஎஸ் பேக்கில் ஒரு ஃபைல் நொடிக்கு 5 எம்பி வேகத்தில் இறங்கினால் அது முழு வேகம்; பேக் பிட் கணக்கு, ஃபைல் பைட் கணக்கு, அதனால் எட்டால் வகுக்க வேண்டும். ரவுட்டரோடு லேன் ஒயரில் இணைத்து வேகம் பாருங்கள். ஒயரில் வந்து வைஃபையில் வரவில்லையென்றால் மேலே சொன்ன சுவர், சேனல் கதை. ஒயரிலும் வரவில்லையென்றால் பேக்கின் அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள், அல்லது பின்னணியில் விண்டோஸ் அப்டேட்டோ ஒன்டிரைவோ இழுத்துக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் தலைப்பைக் கிளிக் செய்தால் யார் இழுப்பது என்று மேலே வந்து நிற்கும். 200 எம்பிபிஎஸ் பேக் போட்டும் ஒயரில் 95-ஐத் தாண்டவில்லையென்றால் லேன் ஒயரில் எட்டு இழையில் நான்கில்தான் தொடர்பு இருக்கிறது, அல்லது பெட்டியின் துளையே 100-க்குத்தான். ஒயரை மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதனால் வைஃபை நிற்காது. ஆனால் புது ரவுட்டரோடு ஒத்துப்போகும் டிரைவர்கள் இனி அதற்குக் குறைந்துகொண்டே போகும்.

கேபிள்காரரைக் கூப்பிடும்போது

"அண்ணா, நெட் வரலைங்க" என்றால் அவர் "ரவுட்டரை ஆஃப் பண்ணிப் போடுங்க" என்று வைத்துவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணா, காலைல ஆறு மணியிலிருந்து எல்ஓஎஸ் சிவப்புல சிமிட்டுதுங்க, ஆஃப் பண்ணிப் போட்டாச்சு, பக்கத்து வீட்லயும் அப்படித்தானுங்க." பக்கத்து வீட்டிலும் இல்லை என்றால் தெருவிலோ அதற்கு முன்னாலோ கோளாறு, அவர் உங்கள் வீட்டுக்கு வராமலே நேராகக் கம்பத்துக்குப் போவார். பெட்டிக்குள் ஒளியின் அளவைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு, ஆர்எக்ஸ் பவர் என்று. மைனஸ் 15-லிருந்து 25 வரை இருந்தால் நலம். மைனஸ் 27-ஐ ஒட்டிப் போனால் எங்கோ மடிப்போ அழுக்கோ இருக்கிறது. அந்த எண்ணைச் சொன்னால் ஆள் பேசுகிற விதமே மாறும். அவர் வந்து சரிசெய்த பிறகு, யூசர் நேம், விலேன் நம்பர் உள்ள பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளக் கேளுங்கள். தயங்குவார், கேட்டு வாங்குங்கள்.

இடி இடித்த மறுநாள்

சித்திரை, ஐப்பசி மழைக்கு அடுத்த நாள் வரும் கோளாறுக்குத் தனி முகம் உண்டு. கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. ஆனால் டிராப் கேபிள் சிலவற்றில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி கூடவே வரும். அடாப்டர் வழியாகவும், மாடிக்கு வெளியே இழுத்த லேன் ஒயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். பெட்டி செத்துவிட்டால் தெரிந்துவிடும். குழப்புவது பாதி சாவு: வைஃபை வரும், லேன் துளை ஒன்று மட்டும் போயிருக்கும். ஒயரை அடுத்த துளையில் மாற்றுங்கள். எல்லாத் துளையிலும் வரவில்லை, வேறு கம்ப்யூட்டரை அதே ஒயரில் போட்டால் வருகிறது என்றால், போனது உங்கள் கம்ப்யூட்டரின் லேன் துளை. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். யூஎஸ்பியில் சொருகுகிற லேன் அடாப்டரோ வைஃபை டாங்கிளோ ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள்; மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் அதோடு வேலை முடிந்தது.